மூளை சுரக்கும் அபின்: ஹுதா அகிலின் ஆய்வும் நமது அச்சமும்

சோனகத் தெருப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார் எண்டால் வாசிப்பு வேலை ஓயாது. பாண் வாங்கப் போகிற வழியில் காணி உறுதியை நீட்டுவார்கள், பின்னேரம் வங்கிக் கடிதம் வரும், இரவில் வைத்தியசாலைத் துண்டு வரும். கொஞ்சக் காலமாக அந்தத் துண்டுகளில் ஒரு மருந்தின் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது: மோர்பின். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ மகரகமவுக்கோ போய்வந்த குடும்பங்கள் அதைக் கொண்டு வந்து காட்டுகின்றன. பெயரை வாசித்துச் சொன்னதும் கேள்வி வரும். "சேர், இது அபின்தானே? நோயாளிக்குக் குடுத்தால் ஹராமில்லையா?" கொஞ்சம் விஷயம் தெரிந்தவர், "பழகிப் போகுமெண்டு சொல்றாங்களே?" என்பார். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் பெண்கள்தான் கேட்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி: "மௌத்து நேரத்தில கலிமா சொல்ல நாக்கு வருமா?"

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் மௌலவி இல்லை. மருந்தெழுத வைத்தியரும் இல்லை. தமிழ் படிப்பிக்கிறவன். ஆனால் இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடப் போனால், மோர்பின் நம் மூளைக்குள் போய் என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதைக் கண்டறிந்தவர்கள் பலர். அவர்களுள் மிக ஆரம்பத்தில், மாணவியாக இருக்கும்போதே, சரியான கேள்வியைக் கேட்ட ஒருவர் 1945இல் சிரியாவின் திமஷ்க் நகரில் பிறந்தார். பெயர் ஹுதா அகில்.

இந்த இடத்தில் நம்முடைய சஞ்சிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. இப்னு ஸீனாவில் தொடங்கி, அர்ராஸி, இப்னுல் ஹைஸம் என்று ஒரு பட்டியல் போட்டு, "நாங்கள் அப்பவே கண்டுபிடிச்சிட்டம்" என்று நெஞ்சை நிமிர்த்துவது. பெருமைப்பட இடமிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புற்றுநோயில் துடிக்கிற ஒரு தாய்க்கு அந்தப் பட்டியலால் ஒரு சொட்டு நிம்மதியும் கிடைக்காது. அதனால் ஹுதா அகிலை நம் கணக்கில் வரவு வைப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் என்ன கண்டார் என்பதுதான் இங்கே விஷயம்.

சிறுவயதில் பாடசாலையில் கிடைத்த, மேரி கியூரி பற்றிய ஒரு சின்னப் புத்தகம் அவரை விஞ்ஞானத்தின் பக்கம் திருப்பியது. போலந்தில் பிறந்த ஒரு பெண்ணால் முடியுமானால் திமஷ்க்கில் பிறந்த பெண்ணாலும் முடியும் என்ற எண்ணம். பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தார். பிறகு அமெரிக்கா போய், லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜோன் லீப்ஸ்கைண்ட் என்ற பேராசிரியரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். 1972இல் கலாநிதிப் பட்டம். அந்த ஆய்வுகூடத்தின் பொருள், நோ.

நோ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கவேண்டும். தமிழ்நாட்டார் வலி என்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் நோ என்கிறோம். வலிப்பு என்றால் நமக்கு வேறு வருத்தம். நோவுக்குள்ளேயே எத்தனை வகை வைத்திருக்கிறோம் பாருங்கள். பல்லுக்குக் குத்து, காலுக்கு உளைவு, மூட்டுக்குக் குடைச்சல், கண்ணுக்குக் கடுப்பு, புண்ணுக்கு எரிவு, தலைக்கு இடி, நகச்சுற்றுக்கு விண்விண். இவற்றில் ஒன்றைச் சொன்னாலே பழைய பரிசாரி வியாதியில் பாதியைப் பிடித்துவிடுவார். இப்னு ஸீனாவும் தமது அல்கானூனில் நோவைப் பதினைந்து வகையாகப் பிரித்திருக்கிறார். குத்துவது, அழுத்துவது, அரிப்பது, துளைப்பது என்று போகும் அவருடைய வரிசையைப் படித்தபோது எங்கள் மூத்தம்மாவின் பேச்சைக் கேட்பதுபோல இருந்தது. 1975இல் கனடாவின் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் நோயாளிகள் சொல்லும் இத்தகைய சொற்களைத் திரட்டியே நோவை அளக்கும் ஒரு வினாக்கொத்தை ஆக்கினார். இன்றும் அது பாவனையில் உண்டு. நோவை அளக்க இரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளியின் வாய்ச்சொல்தான் சாட்சி. ஆகவே "கொஞ்சம் நோகுது" என்று பொய் சொல்லிப் பொறுத்துக்கொள்பவர் தனக்கான மருந்தைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

1960களில் பலர் நினைத்திருந்தது இப்படித்தான்: காலில் முள் குத்தினால் நரம்பு அந்தச் செய்தியை முண்ணாணுக்குக் கொண்டு போகும், அங்கிருந்து மூளைக்குப் போகும், மூளை நோவை உணரும். கோயில் மணிக்கயிற்றைக் கீழே இழுத்தால் மேலே மணி அடிப்பது மாதிரி ஒரு வழிப் பாதை. இது முழு உண்மை இல்லை என்பதற்கு வடக்கில் வாழ்ந்த நமக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. செல் விழுந்த நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், பதுங்குகுழிக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் தன் காலில் இரத்தம் ஓடுவதைக் கண்டார்கள். அதுவரை நோவே தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியரும் இதையேதான் கண்டார். கடும் காயத்தோடு கொண்டுவரப்பட்ட சிப்பாய்களில் பலர் நோ மருந்து கேட்கவில்லை. ஆக, கீழிருந்து மேலே போகும் செய்தியை மேலிருந்து யாரோ மறிக்கிறார்கள். யார், எதைக்கொண்டு?

லீப்ஸ்கைண்டின் ஆய்வுகூடத்தில் எலியின் நடுமூளைக்குள் ஒரு மெல்லிய மின்வாயைச் செருகினார்கள். நடுமூளையின் நடுவால் ஒரு சிறு கால்வாய் ஓடுகிறது. அதைச் சுற்றி ஒரு சாம்பல்நிறப் பகுதி. அந்த இடத்தில் மிகச் சிறிய மின்னோட்டம் கொடுத்தால் எலி விழிப்பாக இருக்கும், நடமாடும், ஆனால் விரலை நசுக்கினாலும் இழுத்துக்கொள்ளாது. 1971இல் டேவிட் மேயர், லீப்ஸ்கைண்ட், அகில் முதலானோர் இதை அறிவித்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முந்தி ரெனால்ட்ஸ் என்பவர் இதே இடத்தில் மின்னோட்டம் கொடுத்து, மயக்க மருந்தில்லாமல் எலிக்கு வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்ததாக எழுதியபோது பெரும்பாலானோர் அதைக் கவனிக்கவில்லை. (பரிசோதனைக் கூடத்து எலிகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதைப் பேச இது இடமில்லை.)

இங்கேதான் அகிலின் கேள்வி வருகிறது. மோர்பினும் நோவை இப்படித்தான் தணிக்கிறது. நலொக்ஸோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதற்குச் சொந்தமாக நோவைத் தணிக்கும் குணம் இல்லை, மோர்பின் வேலை செய்யாமல் மறிப்பது மட்டுமே அதன் குணம். மோர்பின் கூடிப்போய் மூச்சடங்குபவரை எழுப்ப அதைத்தான் ஏற்றுவார்கள். இந்த எலிக்கு யாரும் மோர்பின் கொடுக்கவில்லை, கொடுத்தது மின்சாரம் மட்டும்தான். அப்படியிருக்க, அதற்கு நலொக்ஸோன் ஏற்றினால் என்னவாகும்? ஒன்றும் ஆகக்கூடாது. மறிப்பதற்கு அங்கே மோர்பின் இல்லையே.

ஏற்றிப் பார்த்தார். மின்சாரம் தந்த நிம்மதி குறைந்தது. முற்றாகப் போகவில்லை, ஒரு பங்கு போனது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். மின்சாரம் தட்டியதும் எலியின் மூளை தானாகவே மோர்பின் போன்ற ஏதோ ஒன்றைச் சுரந்திருக்கிறது. நலொக்ஸோன் அதை மறித்திருக்கிறது. அந்தப் பொருளுக்கு அப்போது பெயரும் இல்லை, அதை யாரும் பிரித்தெடுத்ததும் இல்லை. 1972இல் பிரெஞ்சு விஞ்ஞான அக்கடமியின் ஏட்டில் மின்சார நிம்மதியையும் மோர்பின் நிம்மதியையும் ஒப்பிட்டு எழுதினார்கள். நலொக்ஸோன் பற்றிய விரிவான கட்டுரை 1976இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. முற்றாகப் போகாமல் ஒரு பங்கு மட்டும் போனது ஏன் என்று கேட்டால், நோவைத் தணிக்க மூளையில் மோர்பின் வழி ஒன்று மட்டும் இல்லை, வேறு வழிகளும் உண்டு என்பதே பின்னால் கிடைத்த பதில். அரைகுறை முடிவை அரைகுறை என்றே எழுதிவைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் பக்கத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்களும் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இடைப்பட்ட காலத்தில் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. 1973இல் அமெரிக்காவில் கண்டஸ் பேர்ட்டும் சொலமன் ஸ்னைடரும் ஒரு பக்கம், எரிக் சைமன் இன்னொரு பக்கம், சுவீடனில் லார்ஸ் டெரேனியஸ் வேறொரு பக்கம் என மூன்று குழுக்கள் ஒரே வருடத்தில் ஒன்றைக் காட்டின. மூளைக் கலங்களின் மேற்பரப்பில் மோர்பின் போய்ப் பொருந்துவதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. இந்த இடத்தை நம் உயர்தரப் பாடநூல்கள் வாங்கி என்கின்றன. தமிழ்நாட்டில் ஏற்பி என்கிறார்கள். எனக்கு வாங்கிதான் பிடிக்கும். கொடுப்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன் என்ற உறவு அதற்குள் இருக்கிறது. நோவை உணரும் நரம்பு முனைக்கு நோவாங்கி என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், அதுவும் அழகான சொல்.

பூட்டு இருக்கிறது, அதற்குப் பொப்பி மலரின் பால் சாவியாகிறது. ஆனால் ஒரு தாவரத்தின் பாலுக்காக மனித மூளையில் பூட்டு வைக்கப்பட்டிருக்குமா? உள்ளேயே ஒரு சாவி இருக்கவேண்டும். 1975இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜோன் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் அதைப் பிரித்தெடுத்தார்கள். ஐந்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிச் சங்கிலி. என்கெபலின் என்று பெயரிட்டார்கள், தலைக்குள் இருப்பது என்ற கருத்தில். அவர்கள் அதை எடுத்தது பன்றிகளின் மூளையிலிருந்து. நம் வாசகர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அடுத்த வருடம் வந்தது ஒட்டகக் கதை. சான் பிரான்சிஸ்கோவில் ச்சோ ஹாவோ லீ என்ற சீனத்து விஞ்ஞானி, கொழுப்பைக் கரைக்கும் ஓர் ஓமோனைத் தேடிக்கொண்டிருந்தார். ஈராக்கிய மாணவர் ஒருவர் ஊரிலிருந்து ஒட்டகங்களின் கபச்சுரப்பிகளை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். லீ தேடியது அதில் சரியாகக் கிடைக்கவில்லை. கிடைத்தது 31 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நீண்ட சங்கிலி, வலுவான நோநீக்கி. பீற்றா எண்டோர்பின். எண்டோர்பின் என்றால் உள்ளிருக்கும் மோர்பின் என்று பொருள்.

இதற்குள் அகில் ஸ்டான்போர்டுக்குப் போய் ஜாக் பார்காஸின் ஆய்வுகூடத்தில் சேர்ந்திருந்தார். எலியில் கண்டது மனிதரிலும் நடக்கிறதா? தீராத நோவுக்காக மூளையில் மின்வாய் பொருத்தப்பட்ட நோயாளிகள் சிலர் இருந்தார்கள். மின்னோட்டம் கொடுத்து நோத் தணிந்த பிறகு அவர்களுடைய மூளைத் திரவத்தில் என்கெபலின் போன்ற பொருள் கூடியிருந்தது. 1978இல் அவரும் சகாக்களும் இதை வெளியிட்டார்கள். அச்சமும் அதிர்ச்சியும் இந்தச் சுரப்பைத் தூண்டுகின்றன என்பதையும் எலிகளில் காட்டினார். செல்லடியில் ஓடியவர்களின் கால் நோகாததற்கு இது ஒரு காரணம்.

அதே 1978இல் வேறொரு குழு ஞானப்பல் பிடுங்கியவர்களை வைத்துச் செய்த பரிசோதனையையும் சொல்லவேண்டும். நோ மருந்து என்று நம்பவைத்து மருந்தில்லாத ஊசி போட்டபோது சிலருக்கு நோத் தணிந்தது. பிறகு நலொக்ஸோன் ஏற்ற, தணிந்த நோத் திரும்பி வந்தது. "டொக்டரின்ர முகத்தைக் கண்டாலே பாதி வருத்தம் போயிடும்" என்று நம் ஆட்கள் சொல்வது பேச்சுக்கு மட்டும் சொல்வதல்ல. நம்பிக்கைக்கும் மூளைக்குள் ஒரு சுரப்பு இருக்கிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு தம் கணவர் ஸ்டான்லி வொட்சனோடு சேர்ந்து அகில் செய்தது நில அளவையாளரின் வேலை. இந்த உள் மோர்பின்கள் மூளையில் எங்கெங்கே சுரக்கின்றன, அவற்றின் வாங்கிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று வருடக்கணக்காக வரைந்தார்கள். வாங்கிகளில் மூன்று முக்கிய இனம்: மியூ, டெல்ற்றா, கப்பா. மோர்பின் முதன்மையாகப் பொருந்துவது மியூவில். 1993இல் அவர்களுடைய குழு எலியின் மியூ, கப்பா வாங்கிகளுக்கான பரம்பரையலகுகளைப் பிரதியெடுத்து அவற்றின் இயல்பை விவரித்தது. வேறு ஆய்வுகூடங்களும் அக்காலத்தில் இதையே செய்துகொண்டிருந்தன.

இந்த வரைபடம்தான் வைத்தியசாலைத் துண்டோடு வருபவருக்கு உதவுகிறது. மியூ வாங்கி ஒரே இடத்தில் மட்டும் இருந்திருந்தால் மோர்பினால் ஒரு கரைச்சலும் இல்லை. அது முண்ணாணில் இருக்கிறது, நடுமூளையின் அந்தச் சாம்பல் பகுதியில் இருக்கிறது, ஆகவே நோத் தணிகிறது. சுவாசத்தை நடத்தும் மூளைத்தண்டிலும் இருக்கிறது, ஆகவே அளவு மீறினால் மூச்சு அடங்குகிறது. மகிழ்ச்சியையும் ஆசையையும் தூண்டும் இடங்களிலும் இருக்கிறது, ஆகவே நோவில்லாமல் இன்பத்துக்காக எடுப்பவன் அதற்கு அடிமையாகலாம். குடலில் ஏராளமாக இருக்கிறது, ஆகவே மலச்சிக்கல். ஒரே சாவி வீட்டின் எல்லா அறைகளையும் திறந்துவிடுகிறது. எந்த அறைக்கு எவ்வளவு என்பதைத்தான் வைத்தியர் அளவு பார்த்து எழுதுகிறார்.

அகிலின் பிற்காலத்து ஆய்வு மனச்சோர்வையும் மன அழுத்தத்தையும் பற்றியது. வேறு துறைக்குத் தாவிவிட்டார் போலத் தெரியும். ஆனால் கபச்சுரப்பியில் ஒரு பெரிய தாய்ப் புரதம் இருக்கிறது. அதை வெட்டித்தான் உடல் பீற்றா எண்டோர்பினை எடுக்கிறது. அதே புரதத்தை வெட்டித்தான் நெருக்கடி நேரத்தில் அதிரினல் சுரப்பியை எழுப்பும் ஓமோனையும் எடுக்கிறது. உடல் நோவுக்கான மருந்தும் மன நெருக்கடிக்கான மணியும் ஒரே தாயின் பிள்ளைகள். இதைத் தெரிந்த ஒருவர் நோவிலிருந்து துக்கத்துக்குப் போனதில் வியப்பில்லை. 2002-2003 காலத்தில் அமெரிக்காவின் நரம்பியல் விஞ்ஞானச் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தார். 2011இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான அக்கடமிக்குத் தெரிவானார். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானப் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. விருதுகளை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி அந்த மூன்று கேள்விகள்.

அபின்தானே என்றால், ஆம், அதன் பாலிலிருந்து பிரித்தெடுத்ததுதான். அபின் என்ற நம் சொல்லே அஃப்யூன் என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. நம் பழைய ஹகீம்கள் அதை மருந்தாகக் கையாண்டவர்கள். இப்னு ஸீனாவின் நூலில் அது நோநீக்கியாக வருகிறது. நிர்ப்பந்த நிலை தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது பிக்ஹில் எல்லோரும் அறிந்த விதி. அதன்படி, வைத்தியர் அளந்து கொடுக்கும் மோர்பினைக் கடும் நோயாளி எடுப்பதை உலமாக்கள் பரவலாக அனுமதிக்கிறார்கள். சந்தேகமிருந்தால் உங்கள் பள்ளி மௌலவியிடம் கேளுங்கள். கேட்கும்போது "போதை மருந்து குடிக்கலாமா" என்று கேட்காமல், "எலும்புக்குள் புற்றுநோய் பரவிய நோயாளிக்கு வைத்தியர் எழுதிய மருந்து" என்று முழுவதையும் சொல்லிக் கேளுங்கள். கேள்வியைப் பொறுத்துத்தான் பத்வா வரும். நோவு பாவங்களுக்குப் பரிகாரம் என்பது நாம் அனைவரும் நம்புவது. ஆனால் முள் குத்தினால் நன்மை உண்டென்று யாரும் முள்ளைக் காலிலேயே விட்டுவைப்பதில்லை. ஸப்ர் செய் என்று நோயாளிக்குச் சொல்லும் நாம், நமக்குத் தலையிடித்தால் முதலில் தேடுவது பனடோலைத்தான்.

பழகிப் போகுமா? இங்கே இரண்டு விஷயம் குழம்பிக் கிடக்கிறது. நாட்பட எடுத்தால் வாங்கிகள் அந்த மருந்துக்குப் பழகும், திடீரென நிறுத்தினால் உடல் படபடக்கும். அதனால் நிறுத்தும்போது படிப்படியாகக் குறைப்பார்கள். இது உடல் பழகுவது. அடிமையாவது வேறு. மருந்துக்காகக் களவெடுப்பது, குடும்பத்தை மறப்பது, கெடுதி தெரிந்தும் தேடி ஓடுவது. புற்றுநோயின் கடும் நோவுக்காக முறைப்படி எடுப்பவர்களில் இந்த நிலை அரிது. நமக்குக் கிட்டவே சாட்சி இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் ராஜகோபால் என்ற வைத்தியரும் நண்பர்களும் தொடங்கிய நோத்தணிப்பு நிலையத்தில், இரண்டு வருடத்தில் 1,723 நோயாளிகளுக்கு வாயால் எடுக்கும் மோர்பின் கொடுத்தார்கள். பலர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் எடுத்தார்கள். மருந்து வெளியே தவறான கைக்குப் போனதாக ஒரு சம்பவமும் காணப்படவில்லை என்று 2001இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மலபார் முஸ்லிம்கள் நிறைந்த பிரதேசம் அது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் மருந்துக் கம்பனிகள் இதே இன மாத்திரைகளை முதுகு நோவுக்கும் மூட்டு நோவுக்கும் கண்டபடி விற்றார்கள். பின்னர் தெருவில் ஹெரோயினும் பென்ரனிலும் வந்து சேர்ந்தன. 2021இல் மட்டும் இந்த இனப் பொருட்களால் அங்கே 80,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆக அச்சம் ஆதாரமற்றதல்ல. ஆனால் உலகம் முழுதும் வருடத்துக்குப் பகிரப்படும் ஏறத்தாழ 300 தொன் மோர்பின் இன மருந்துகளில், மிக வறிய நாடுகளுக்குப் போனது 0.1 தொன் மட்டுமே என்று 2017இல் லான்செட் ஆணைக்குழு கணக்குச் சொன்னது. ஓரிடத்தில் வெள்ளம், ஓரிடத்தில் வறட்சி. வெள்ளத்தின் செய்தியைக் கேட்டு வறட்சியில் கிடப்பவர்கள் குடத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.

மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். மௌத்து நேரத்தில் நாக்கு வரவேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் உள்ளது, அதைச் சின்னதாக நினைப்பவருக்கு நம் வீடுகளைத் தெரியாது. மோர்பின் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாட்கள் அயர்வு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது பிறகு தெளியும். அளவு சரியாக இருந்தால் நோயாளி விழித்திருப்பார், பேசுவார், ஓதுவார். சரியான அளவு மௌத்தை முந்திக் கொண்டுவருவதும் இல்லை. நோ அடங்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்கள் சொல்லட்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு மாமி, மருந்துப் போத்தலைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்துவிட்டு, "எல்லாம் குடிச்சிட்டன்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கலிமா சொல்ல வேண்டுமே என்ற பயம். ஆனால் அந்த நாட்களில் அவரால் எந்த வார்த்தையையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவருக்கு வாய் எங்கே திறக்கும். வைத்தியர் வந்து பேசிய பிறகு ஒழுங்காக எடுக்கத் தொடங்கினார். கடைசிக் கிழமை பேரப்பிள்ளைக்கு யாஸீன் சொல்லிக்கொடுத்தார், பிழை விட்ட இடத்தில் நிறுத்தித் திருத்தினார்.

தெல்லிப்பழை வைத்தியசாலை நமக்கு எப்படிக் கிடைத்தது என்பது ஞாபகமிருக்கும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நெடும் பயணத்தில் சேர்ந்த காசு அதற்குப் போனது. தெற்கிலும் வடக்கிலுமாக முன்பின் தெரியாத ஆட்கள் போட்ட ரூபாய்கள். அந்தக் கட்டடத்துக்குள் எழுதப்படுகிற மருந்தை நம் வீட்டு அலுமாரிக்குள் பூட்டிவைப்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

மருந்து வீட்டுக்கு வந்தால் கவனிக்க வேண்டியவை சில. சாதாரண மோர்பின் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுப்பது, மெல்லக் கரையும் மாத்திரை பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. வந்த நோவை அடக்குவதைவிட வரவிடாமல் வைத்திருப்பது இலகு, ஆகவே நோகும்போது மட்டும் எடுப்போம் என்று தள்ளிப்போடக்கூடாது. மெல்லக் கரையும் மாத்திரையைப் பொடியாக்கிக் கொடுத்தால் பன்னிரண்டு மணித்தியால மருந்தும் ஒரேயடியாக உள்ளே போய்விடும், அது ஆபத்து. மலச்சிக்கலுக்கு மருந்தையும் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது தானாகத் தெளியாது. எழுப்பினாலும் எழும்பாத அயர்வோ, மூச்சு மிக மெதுவாவதோ தெரிந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு அறிவிக்க வேண்டும். போத்தல் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டியிருக்கட்டும். நோயாளி மௌத்தானால் மிச்சத்தை ஒரு நாளும் வீட்டில் வைக்காமல், கத்தம் பாத்திஹா முடியும்வரை பார்த்திருக்காமல், வாங்கிய வைத்தியசாலையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐஸ் தேடித் திரிகிற பொடியன்கள் நம் ஒழுங்கைகளிலும் இருக்கிறார்கள்.